விருந்தாளி வந்தால் மறதிநோய் உள்ள அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறார் என்று கேட்டவருக்கு

உறவினர் வருவதை நிறுத்த வேண்டாம், கூட்டமாக வருவதை மட்டும் நிறுத்துங்கள். காலை வேளையில் ஒருவர், அரை மணி நேரம், டிவி அணைத்திருக்கட்டும். மறதிநோய் உள்ளவருக்கு நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் எந்தக் குரலைப் பிடிப்பதென்று தெரியாது. பெரும்பாலும் அதனால்தான் எழுந்து போகிறார், பாசம் குறைந்து அல்ல.

வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" வேண்டவே வேண்டாம். அவருக்கு அது பரீட்சை. "பெரியம்மா, செல்வி வந்திருக்கேன்" என்று தாமே சொல்லிப் பக்கத்தில் உட்காரட்டும். கைக்கு வேலையும் கொடுங்கள். என் மாமியார் பேச்சே நின்றுபோன நாட்களிலும், முறத்தில் முருங்கைக்கீரையை வைத்தால் பக்கத்து வீட்டு அக்காவோடு ஒரு மணி நேரம் உருவிக்கொண்டிருப்பார். முகமே தெளிந்துவிடும்.

காதையும் சோதியுங்கள். பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுத் திரும்பவில்லையென்றால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் குரும்பி (அழுக்கு) அடைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

ஆனால் இந்த ஒதுக்கம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்திருந்தால் இதையெல்லாம் முயன்றுகொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.