‘ஏ.டி. எல்லாம் முடிந்தது’ என்றால் எது முடிந்தது?

கேள்வி: 1946-இல் கட்டிய, துணி போர்த்திய சிறு விமானமான பைப்பர் ஜே-3 கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலை கட்டுப்படியாகிறது. ‘ஏ.டி. எல்லாம் முடிந்தது, வருடாந்தச் சோதனையும் போன மாதம்தான் ஆனது’ என்கிறார் விற்பவர். நம்பி முன்பணம் கொடுக்கலாமா? வாங்கிய பிறகு திரும்பத் திரும்ப வரும் சோதனைகள் என்னென்ன?

பதில்: முன்பணம் இப்போது வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ‘முடிந்தது’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

ஏ.டி. என்பது விமானத்தின் பறக்கும் தகுதி பற்றி அரசின் விமானத் துறை போடும் கட்டாய உத்தரவு. ஒரு ரகத்தில் ஆபத்தான குறை தெரிந்தால், அந்த ரகத்து விமானங்கள் எல்லாவற்றிலும் அதைப் பார்க்கச் சொல்வார்கள் அல்லது சரிசெய்யச் சொல்வார்கள். சில உத்தரவுகளை ஒருமுறை செய்தால் போதும். சிலவற்றை இத்தனை மணிக்கு ஒருமுறை, இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று விமானம் இருக்கும்வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டாம் வகையில் ‘முடிந்தது’ என்றால் இந்தத் தவணை முடிந்தது என்றுதான் பொருள். அடுத்த தவணைக்கான பணம் உங்களுடையது.

உங்கள் கப்பில் முதலில் பார்க்க வேண்டியது இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் குழாய்கள். பழைய ஸ்ட்ரட்டுகள் உள்ளே காலியான எஃகுக் குழாய்கள், காற்றும் ஈரமும் புகாதபடி சீல் செய்யப்படாதவை. உள்ளே போகும் ஈரம் அடிப்பக்கத்தில் தேங்கி, குழாயை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. ஸ்ட்ரட் போனால் இறக்கையே போகும். அதனால்தான் அமெரிக்க விமானத் துறையின் உத்தரவு 24 மாதத்துக்கு ஒருமுறை துருச் சோதனை கேட்கிறது. விமானத்தின் மேல் போர்த்திய துணியின் வலிமை பார்க்க உருவான மௌல் கருவியைக் குழாயின் அடிப்பகுதியில் அழுத்திப் பார்ப்பார்கள். பள்ளம் விழுந்தால் உலோகம் மெலிந்துவிட்டது, குழாயை மாற்ற வேண்டும். அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம். ஸ்ட்ரட்டின் கீழ்முனையில் அதை விமானத்தின் உடலோடு இணைக்கும் கவட்டை, அதாவது ஃபோர்க்கின் மரையில் விரிசல் வருகிறதா என்பது தனிக் கணக்கு. அது பறந்த மணியை வைத்து வரும்.

இதே உத்தரவு ஒரு வழியும் காட்டுகிறது. சீல் செய்த புதிய ஸ்ட்ரட்டுகளைப் பொருத்திவிட்டால் 24 மாதத் துருச் சோதனை அதோடு நின்றுவிடும். ஆகவே விற்பவரிடம் ‘ஏ.டி. முடிந்ததா’ என்று கேட்காதீர்கள். ‘ஸ்ட்ரட் சீல் செய்ததா, பழையதா? ஃபோர்க் எப்போது மாற்றியது, அதன்பின் எத்தனை மணி பறந்தது?’ என்று கேளுங்கள். ஒரே ரகம், ஒரே வருட விமானங்கள் இரண்டில் ஒன்று சீல் செய்த ஸ்ட்ரட்டோடு வந்தால், கூடுதல் விலை கொடுத்து அதையே எடுங்கள் என்பேன். அது மெருகு ஏற்றிய பெயின்டைவிட நிஜமான மதிப்பு.

அடுத்து ஒரு விஷயம், பலர் தவறவிடுவது. ஏ.டி. விமானத்தின் உடலுக்கு மட்டும் வருவதில்லை. இன்ஜினுக்கு, புரொப்பல்லருக்கு, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ போன்ற துணைக் கருவிகளுக்குத் தனித்தனியாக வரும். இடையில் யாரோ வேறு இன்ஜின் போட்டிருப்பார்கள், வேறு மேக்னெட்டோ மாட்டியிருப்பார்கள். அதோடு அதன் உத்தரவுகளும் வந்து சேரும். சில பெண்டிக்ஸ் மேக்னெட்டோக்களில் ரிவெட் அடித்த இம்பல்ஸ் கப்ளிங் (இன்ஜினைக் கிளப்பும்போது தீப்பொறி வர உதவும் இணைப்பு) இருக்கும். அது தேய்ந்து உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் விழலாம் என்பதால் 500 மணிக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். ரிவெட்டுக்குப் பதில் வளையத்தால் பிடிக்கும் ஸ்னாப் ரிங் வகை கப்ளிங் போட்டால் அந்தச் சோதனை தேவைப்படாது. ஆக, உடல், இன்ஜின், புரொப்பல்லர், கருவிகள் என்று நான்கு பட்டியல் கேளுங்கள், சீரியல் எண்ணோடு. பிறகு சேர்த்த மாற்றங்கள் இருந்தால் அவற்றுக்கும் சொந்தமாகப் பராமரிப்புச் சோதனைகள் இருக்கலாம்.

பட்டியலை விற்பவர் தருவது ஒன்று. உங்கள் மெக்கானிக் தானே விமானத் துறையின் ஏ.டி. பட்டியலிலிருந்து எழுதுவது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பதிவில் உள்ள விமானம் என்றால், ஒவ்வொரு ஏ.டி.யும் எந்த முறையில் நிறைவேறியது, திரும்ப வருவது என்றால் அடுத்தது எந்தத் தேதியில் அல்லது எத்தனை மணியில் என்று உரிமையாளர் பதிவு வைத்திருக்க வேண்டும். விற்கும்போது அதை வாங்குபவரிடம் கொடுக்கவும் வேண்டும். ‘அடுத்தது எப்போது’ என்ற அந்தக் கட்டத்தை முதலில் படியுங்கள். 24 மாதத் தவணைக்கு ஒரு மாதம்தான் மிச்சம் என்றால் அது விலையில் குறைய வேண்டும்.

போன மாதத்து வருடாந்தச் சோதனைக்கும் நான் பெரிய மதிப்பு தரமாட்டேன். அது விற்பவர் செலவில், அவர் அழைத்த ஆள் செய்தது. இந்த விமானத்தில் இதுவரை கை வைக்காத, துணி விமானம் தெரிந்த ஒருவரை நீங்கள் பணம் கொடுத்து அழைத்துப் பாருங்கள்.

கேள்வி: துணி விமானமே தொல்லை என்றால் செஸ்னா 170 அல்லது சிட்டாப்ரியா பக்கம் போய்விடலாமா?

பதில்: போகலாம், ஆனால் தவணைச் சோதனை அங்கேயும் உண்டு. பழைய செஸ்னாக்களில் சீட் ரெயில், அதாவது இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் பற்றிய உத்தரவு பிரபலம். ரெயிலில் உள்ள துளை தேய்ந்து, இருக்கையைப் பூட்டும் ஊசி அதில் பிடிக்காமல் போனால், மேலே ஏறும்போது இருக்கை பின்னால் வழுக்கும். விமானி கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலையும் சேர்த்து இழுத்துவிடுவார். 100 மணி அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். நல்லவேளை, இது பெரிய செலவில்லை.

சிட்டாப்ரியா வேறு கதை. அதுவும் துணி போர்த்தியதுதான், பழையவற்றில் இறக்கையின் முக்கியக் கட்டை மரத்தால் ஆனது. மரத்தில் நார்களுக்குக் குறுக்கே வரும் அமுக்க விரிசல் கண்ணுக்கு எளிதில் படாது. வருடந்தோறும் பார்க்க வேண்டும், இறக்கை எங்காவது இடித்திருந்தால் உடனே பார்க்க வேண்டும். அதற்குத் துணியில் சோதனைத் துளைகள் திறந்து மூடி போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். துளைகளே இல்லாமல் ‘சோதனை ஆனது’ என்று எழுதியிருந்தால், எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: விமானத்தின் பராமரிப்பை எழுதிவைக்கும் லாக் புத்தகங்களில் பாதி தொலைந்துவிட்டது என்கிறார்கள். விலையைக் குறைக்கத் தயார்.

பதில்: பதிவு இல்லாத ஏ.டி.யைச் செய்யாத ஏ.டி. என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மறுபடி எழுத எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். விலைக் குறைப்பு அதைவிடக் கம்மி என்றால் வேறு விமானம் பாருங்கள்.