ஃபூ ஹாவின் ஆந்தை

அன்புள்ள ஐயா,

பண்டைய சீன வெண்கலக் கலங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'தாவ்தியே' என்னும் விலங்கு முகத்தை விரிவாக வருணித்திருந்தீர்கள். அதன் பொருளை மட்டும் சொல்லவில்லை. அது பெருந்தீனியின் உருவம் என்றும், அளவோடு உண்ணுமாறு எச்சரிக்கவே உணவுக் கலங்களில் இடம்பெற்றது என்றும் ஒரு நூலில் படித்தேன். அது சரிதானா? ஆந்தை, சிள்வண்டு, புலி ஆகியவற்றுக்கும் இப்படித் தனித்தனிப் பொருள் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் படித்த விளக்கம் பழமையானது. ஆனால் அந்தக் கலங்களை வார்த்தவர்களுடையது அன்று. அவற்றை வார்த்தவர்கள் பண்டைய சீனத்தின் ஷாங் அரசமரபுக் காலத்தவர்கள்; அந்த அரசு வீழ்ந்தது ஏறத்தாழ கி.மு. 1046இல். தாவ்தியே என்ற பெயரை வெண்கலக் கலங்களோடு சேர்த்துச் சொல்லும் குறிப்போ, சின் நாட்டு அமைச்சர் லூ புவேய் கி.மு. 239 வாக்கில் தொகுப்பித்த நூலில் வருகிறது. தலை உண்டு, உடல் இல்லை. மனிதனைத் தின்னப் போய், விழுங்கும் முன்பே தனக்குக் கேடு தேடிக்கொண்டது என்கிறது அது. கி.பி. பதினோராம் நூற்றாண்டில் பழங்கலங்களைத் தொகுத்து ஆராய்ந்த சோங் காலத்து அறிஞர்கள் அந்தப் பெயரை ஷாங் கலங்களின் முகத்துக்குச் சூட்டினார்கள். அன்றிலிருந்து பெயரோடு அறிவுரையும் ஒட்டிக்கொண்டது. எண்ணூறு ஆண்டுகள் பிந்திய ஒரு சொல்லைக் கொண்டு அந்த முகத்தைப் படிக்க எனக்கு மனம் வராததால்தான் பொருள் சொல்லாமல் விட்டேன்.

ஒரு கலத்தின் படத்தை எடுத்து, முகத்தின் நடுவே ஓடும் மூக்குத்தண்டோடு ஒரு தாளைப் பொருத்திப் பாதியை மறைத்துப் பாருங்கள். பல கலங்களில், எஞ்சிய பாதி ஒரு முகமாக இராது; பக்கவாட்டில் நிற்கும் ஒற்றைக்கால் டிராகனாக (சீனக் கற்பனை விலங்கு), வால் சுருண்ட முழு விலங்காக மாறிவிடும். எதிரெதிரே நிற்கும் இரண்டு விலங்குகள் சேரும்போதுதான் நம்மை நேராகப் பார்க்கும் அந்த முகம் தோன்றுகிறது. ஷாங் கொல்லர்கள் மெழுகை உருக்கி வார்க்கவில்லை. களிமண் மாதிரியின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து, சுட்டு, மீண்டும் பொருத்தி அச்சாக்கினார்கள். அச்சுத் துண்டுகள் சேரும் கோடுகளை ஒட்டியே அலங்காரத்தையும் வகுத்ததால், இடமும் வலமும் ஒத்துப்போகும் இந்த அமைப்பு அவர்கள் தொழிலோடு இயல்பாகவே பொருந்தியது.

ஆந்தையைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. 1976இல், ஷாங் தலைநகர் இருந்த அன்யாங்கில், கொள்ளையர் கை படாத கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. ஷாங் மன்னர் வூ திங்கின் மனைவியும், படை நடத்தியவர் என்று அக்காலத்தில் குறிபார்க்க எழுத்துப் பொறித்த எலும்புகள் சொல்பவருமான ஃபூ ஹாவின் கல்லறை அது. அங்கே கிடைத்த நானூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்களில் ஆந்தை வடிவ மதுக்கலங்கள் இரண்டு. இரு கால்களும் வாலும் சேர்ந்து முக்காலியாக அமைய, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பறவை. சிறகு ஒவ்வொன்றிலும் சுருண்ட பாம்பு. தலையின் பின்பாதியான மூடியில் ஒரு சிறு பறவையும் ஒரு சிறு டிராகனும். உள்ளே ஃபூ ஹாவின் பெயர். பிற்காலச் சீனத்தில் ஆந்தை அபசகுனப் பறவை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஜியா யீ என்ற கவிஞர் தன் வீட்டுக்குள் ஆந்தை நுழைந்ததைச் சாவின் அறிகுறியாக எண்ணியே பாடினார். அந்தப் பொருளை ஆயிரம் ஆண்டு பின்னே கொண்டுபோய் ஃபூ ஹாவின் கலத்தில் ஏற்றினால், அரசிக்கு அபசகுனத்தையே துணையாகப் புதைத்தார்கள் என்றாகிவிடும்.

சிள்வண்டும் அப்படித்தான். அது மண்ணிலிருந்து வெளிவருவதால் மறுபிறப்பின் உரு என்பார்கள். இறந்தவர் நாவில் பச்சைக்கல் சிள்வண்டை வைத்த, பல நூற்றாண்டு பிந்திய ஹான் அரசமரபுக் காலத்துக்கு அது பொருந்தும். ஷாங் கலத்துக்கு அதையே சாட்சியாக்கத் தயங்குகிறேன்.

அறிஞர்களும் இதில் ஒன்றுபட்டதில்லை. இந்த உருக்கள் கோலங்களாகவே பிறந்து வளர்ந்தவை, அவற்றுக்குத் திட்டமான பொருள் இல்லை என்றார் மேக்ஸ் லேர். முன்னோருலகுக்கும் மனிதருக்கும் இடையே சென்றுவர உதவும் விலங்குகள் என்றார் சாங் குவாங்-சீ. இவை முன்னோருக்கு இறைச்சியும் மதுவும் படைத்த கலங்கள் என்பதால் நான் சாங் பக்கம் சாய்கிறேன். ஆனால் விலங்குக்கு ஒரு பொருள் என்று அகராதி போட அவ்வளவு சான்று போதாது.

புலிக்கு வருகிறேன். கியோட்டோவிலும் பாரிசிலும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு கலங்கள் உள்ளன. பின்கால்களில் அமர்ந்த புலியின் விரிந்த வாய்க்குக் கீழே ஒரு மனிதத் தலை. புலி அவனைத் தின்கிறது என்று நெடுங்காலம் எழுதினார்கள். அவனுடைய கைகளைப் பாருங்கள்: அவை புலியின் உடலைத் தழுவியிருக்கின்றன, பாதங்கள் அதன் பாதங்களின் மேல் ஊன்றியிருக்கின்றன, முகத்தில் கலக்கமே இல்லை. இரையாகிறவனின் பிடியாக அது எனக்குத் தோன்றவில்லை.