பன்றிப் பண்ணையில் ஃப்ளூ வைரஸ்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று எப்படி உறுதிசெய்கிறார்கள்?

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃபுளுயன்சா ஏ வைரஸின் மரபணுத் தொகுப்பு எட்டுத் தனித்தனி ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ் புகுந்தால், பிறக்கும் வைரஸ் ஒவ்வொரு துண்டையும் எந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கணக்குப்படி 256 சேர்க்கைகள், பெரும்பாலானவை தேறாது. தேறிய ஒன்றுதான் 2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1. (எச், என் என்பவை வைரஸின் மேற்பரப்பிலுள்ள எச்ஏ, என்ஏ என்ற இரண்டு புரதங்கள்; எண் அவற்றின் வகை.) அதில் ஆறு துண்டுகள் வட அமெரிக்கப் பன்றி வைரஸிலிருந்து வந்தவை. மீதி இரண்டு துண்டுகளான என்ஏ, எம் ஆகியவை ஐரோப்பா, ஆசியப் பன்றிகளில் சுற்றிய வைரஸுடையவை.

இனி மாதிரி எடுப்பது. பன்றி வைரஸை வெளியேற்றுவது சுமார் 5 முதல் 7 நாள்தான். ஆகவே இருமித் தேறிவிட்ட பன்றியை விட்டுவிட்டு, காய்ச்சல் 40.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, மூக்கில் நீர் வடியும் முதல் இரண்டு மூன்று நாளில் இருப்பதைப் பிடிக்க வேண்டும். பாலியெஸ்டர் முனை ஸ்வாபை (மாதிரி எடுக்கும் குச்சியை) இரு நாசியிலும் விட்டுச் சுழற்றி, வைரஸ் கடத்து திரவத்தில் போட்டு, 4 டிகிரியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மூன்று நாளுக்கு மேல் தாமதமாகுமென்றால் மைனஸ் 70 வேண்டும். சாதாரண ஃப்ரீசரின் மைனஸ் 20-இல் வைத்தால் வைரஸ் வீரியம் இழந்துவிடும், பிறகு அதை வளர்ப்பது கடினம்.

கொட்டிலில் பருத்திக் கயிற்றைப் பன்றியின் தோள் உயரத்தில் 20, 30 நிமிடம் தொங்கவிட்டு, அவை கடித்த எச்சிலைப் பிழிந்தெடுக்கும் முறையும் உண்டு. மலிவு, பன்றியை மடக்கிப் பிடிக்கும் பாடில்லை, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்குப் போதும். ஆனால் கலப்பைக் கண்டுபிடிக்க இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஒரு பன்றிக்கு எச்1என்1, பக்கத்துப் பன்றிக்கு எச்3என்2 என்று வையுங்கள். கயிற்றில் எச்1, எச்3, என்1, என்2 நான்குமே தெரியும். அதை வைத்து 'எச்1என்2 பிறந்துவிட்டது' என்று எழுதினால், இல்லாத வைரஸுக்குப் பெயர் வைத்த கதைதான்.

கயிறு பாசிட்டிவ் என்றால் அதே கொட்டிலில் தனித்தனிப் பன்றியின் மூக்கு ஸ்வாபுக்குத் திரும்ப வேண்டும். ஒரே பன்றிக்குள்ளும் இரண்டு வைரஸ் இருக்கலாம். அதனால் எம்டிசிகே செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் நாய்ச் சிறுநீரக செல்கள்) வளர்த்து, ஒற்றைப் பிளாக்கை (plaque, பொதுவாக ஒரே வைரஸிலிருந்து பெருகி செல்களை அழித்த சிறு வட்டம்) பிரித்தெடுத்து, எட்டுத் துண்டுகளின் மரபணு எழுத்து வரிசையையும் படித்தால்தான் உறுதி. எச்ஏ, என்ஏ மட்டும் பார்ப்பவர்களுக்கு மற்ற ஆறு உள்துண்டுகளில் ஏதாவது மாறியது கண்ணில் படவே படாது.

தேட வேண்டிய முதல் இடம், பால் மறந்த குட்டிகள் இருக்கும் கொட்டில். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறைந்துகொண்டே போகும் வயது அது. புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருந்தால் வைரஸ் ஓயாது. இன்னொரு வாசல், நாம்தான். 2009 வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிக்குப் பலமுறை திரும்பிப் போயிருக்கிறது. ஆகவே இருமலும் காய்ச்சலுமாய் இருக்கும் பணியாளரை அந்த வாரம் கொட்டில் பக்கம் விடக் கூடாது.