தூக்க நோய்க்கு மாத்திரை வந்தது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஆப்பிரிக்கத் தூக்க நோய் நம்ம ஊருக்கும் வருமா சார்?

பதில்: பயப்பட வேண்டாம். செட்சி ஈ கடித்துப் பரவும் நோய் அது; அந்த ஈ வாழ்வது ஆப்பிரிக்காவில். ஒட்டுண்ணி முதலில் ரத்தத்தில் பெருகும், பிறகு மூளைக்குள் போகும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று முற்றி, சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். காங்கோ ஜனநாயகக் குடியரசில்தான் நோயாளிகள் அதிகம்.

கேள்வி: முன்பு இதற்கு மருந்தே இல்லையா?

பதில்: இருந்தது, அதுதான் கொடுமை. 1949இல் வந்த மெலார்சோபிரால் என்ற ஆர்சனிக் ஊசி. ஏற்றும்போதே ரத்தக்குழாயில் தீ வைத்தது போல எரியும். போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் அந்த மருந்தாலேயே இறந்தார். நோய் மூளைக்குப் போனவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அதையேதான் கொடுத்தோம். வாங்கும் சக்தி உள்ள நாடுகளில் இப்படி விட்டிருப்பார்களா?

அப்புறம் எஃப்ளோர்னித்தின் வந்தது. எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனால் லாபம் இல்லையென்று 1990களில் தயாரிப்பு நின்றுபோனது. அதே மருந்து 2000இல் பெண்களின் முகத்தில் ரோமம் வளர்வதைக் குறைக்கும் க்ரீமாகக் கடைக்கு வந்தது! எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முதலானவர்கள் குரல் எழுப்பியதால் 2001இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக நோயாளிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. 2009 முதல் நிஃபர்டிமாக்ஸ் மாத்திரையோடு சேர்த்து, 7 நாளில் 14 முறை டிரிப்ஸ். சாலையே இல்லாத கிராமத்தில் டிரிப்ஸ் ஏற்ற ஆளும் படுக்கையும் எங்கே கிடைக்கும்?

கேள்வி: இப்போது வந்திருக்கும் ஃபெக்சினிடசோல் என்ற மாத்திரை புதிய கண்டுபிடிப்பா?

பதில்: இல்லை. ஹெக்ஸ்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் எப்போதோ உருவாக்கி, 1980களில் கைவிட்ட மூலக்கூறு. 2003இல் தொடங்கிய டிஎன்டிஐ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, பழைய சேர்மங்களை நூற்றுக்கணக்கில் சலித்தபோது இது அகப்பட்டது. (அந்த அமைப்பை நிறுவியவர்களில் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உண்டு.) சனோஃபி என்ற மருந்து நிறுவனத்துடன் சேர்ந்து, காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் 394 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2018இல் காங்கோ ஒப்புதல் தந்தது. 10 நாள் மாத்திரை, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் டிரிப்ஸ் இனி தேவையில்லையா?

பதில்: தேவை. அந்தச் சோதனையில் டிரிப்ஸ் முறை சுமார் 98 சதவீதம் பேரைக் குணமாக்கியது, மாத்திரை 91. மிக முற்றிய நிலையில் இன்னும் டிரிப்ஸ்தான் நம்பகமானது. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடவேண்டும், இல்லாவிட்டால் உடலில் சரியாகச் சேராது. வாந்தியும் வரலாம்.

கேள்வி: ஒரே வேளை மருந்து வருகிறதாமே?

பதில்: அகோசிபோரோல். ஒரே தடவையில் 3 மாத்திரை. 2022இல் வெளியான ஆய்வில், முற்றிய நிலையில் இருந்தவர்களிலும் சுமார் 95 சதவீதம் பேர் 18 மாதம் கழித்து நோயின்றி இருந்தார்கள். எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை இதில்தான்.

கேள்வி: 2018இலேயே நோயாளிகள் எண்ணிக்கை ஆண்டுக்கு 1000 பேருக்குக் கீழே வந்துவிட்டதே, இன்னும் ஏன் இவ்வளவு செலவு?

பதில்: 1960களிலும் இப்படித்தான் நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கண்காணிப்பைக் கைவிட்டார்கள்; நோய் திரும்பி வந்தது. 1998இல் பதிவானவர்கள் மட்டுமே சுமார் 40,000 பேர்.