இடுப்பு மூட்டில் நாள்பட்ட கவுட் என்கிறார்கள், வலி விட்டுவிட்டு வருகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

முதலில் வலி எங்கே என்று பாருங்கள். இடுப்பு வலி என்று நாம் சொல்வதில் அடிமுதுகு, பக்கவாட்டு எலும்பு மேடு, தொடையிடுக்கு எல்லாமே அடங்கிவிடும். இடுப்பு மூட்டு இருப்பது தொடையிடுக்கின் ஆழத்தில். அதன் வலி அங்கேதான் தெரியும், சில சமயம் முட்டிவரை இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை நகர்த்தாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். தொடையிடுக்கில் சுருக்கென்று பிடித்தாலோ, மறுகாலைவிடக் குறைவாகத் திரும்பினாலோ, கோளாறு மூட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

இருந்தாலும் இடுப்பு மூட்டில் கவுட் அபூர்வம். ரத்தத்தில் கூடிய யூரிக் அமிலம் யூரேட் உப்பாக மூட்டில் படிவதுதான் கவுட். அந்த உப்பு குளிர்ந்த இடத்தில்தான் எளிதாகப் படிகமாகும். அதனால்தான் கால் பெருவிரல் முதலில் மாட்டுகிறது. ஆழத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் இடுப்பு மூட்டு பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆகவே ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மூட்டுத் தேய்மானமோ, தொடையெலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமின்றி அழிவதோகூட இதே மாதிரி வலிக்கும். மது, அடிக்கடி ஸ்டீராய்டு இரண்டும் அந்த அழிவுக்குக் காரணமாகலாம் என்பதால் கவுட் உள்ளவர்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு கால் ஊன்றவே முடியவில்லை என்றால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உறுதியான சாட்சி மூட்டு நீரில்தான் இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியால் நீர் எடுத்து, போலரைஸ்டு நுண்ணோக்கியில் வைத்தால் யூரேட் படிகங்கள் மெல்லிய ஊசிகளாகத் தெரியும்: ஒரு திசையில் மஞ்சள், குறுக்கே திரும்பினால் நீலம். நீர் கிடைக்காவிட்டால் டூயல் எனர்ஜி சி.டி. ஸ்கேன் உதவும். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் இயல்பாகக்கூடக் காட்டும். அடங்கி 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கவுட்தான் என்று உறுதியானால், வலி மாத்திரை வேறு, உப்பைக் கரைக்கும் மாத்திரை வேறு என்பதைப் புரிந்துகொள்வதுதான் பாதி வைத்தியம். உப்பைக் கரைக்கும் மாத்திரையான அலோபியூரினால் வழக்கமாக நாளுக்கு 100 மி.கி.யில் (சிறுநீரகம் பலவீனமானால் 50) தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து ஏற்றுவார்கள். இலக்கு, ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழ், உப்புக்கட்டிகள் இருந்தால் 5க்குக் கீழ். 300 மி.கி.யிலும் யூரிக் அமிலம் 7.5 என்று நின்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, மாத்திரையின் அளவு போதவில்லை. இன்னும் ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் சில மாதங்களில் வலி கூடுதலாகவே வரலாம். பழைய படிவு கரைந்து உதிரும்போது மூட்டு கொந்தளிக்கிறது. இதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இதற்காகவே 3 முதல் 6 மாதம் குறைந்த அளவு கால்ச்சிசின் (மூட்டின் கொந்தளிப்பை அடக்கும் மாத்திரை) சேர்த்துக் கொடுப்பார்கள். அதோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஆபத்து. வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் சொல்லிவிடுங்கள். அலோபியூரினால் தொடங்கியபின் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வலி வெடிக்கும் நாளில் கால்ச்சிசின் 12 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஐஸ் ஒத்தடம் இவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அதில் மூட்டின் சுமை சரியாகக் குறையாது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை இருக்கும் உயரமே தடியின் பிடிக்குச் சரி. முட்டியைவிடச் சற்று உயரமான இருக்கையில் உட்காருங்கள்.

பீர், ஈரல், சர்க்கரைப் பானங்களைக் குறையுங்கள். பருப்புக்கும் கீரைக்கும் பயப்படத் தேவையில்லை. பத்தியத்தால் மட்டும் 9ல் இருக்கும் யூரிக் அமிலம் 6க்கு இறங்காது. ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு மாத்திரை (சிறுநீரைப் பெருக்குவது, யூரிக் அமிலத்தைக் கூட்டும்) எடுத்தால், அதற்குப் பதிலாக லோசார்ட்டன் ஒத்துவருமா என்று கேளுங்கள்.

அரித்துப்போன குருத்தெலும்பு திரும்ப வளராது. அந்த நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அப்போதும் யூரிக் அமில மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள். அறுவைக்குப்பின் கவுட் கிளம்பினால், வீக்கமும் காய்ச்சலும் தொற்றைப் போலவே தெரிந்து மருத்துவரையே குழப்பிவிடும்.