ரெடிமேட் கிராஸ்ஓவர் போட்டு ஸ்டூடியோ மானிட்டர் செய்யலாமா?

கேள்வி: வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்கிறேன். ஸ்டூடியோ மானிட்டர் வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. ஒரு ஜோடி ஆறரை அங்குல வூஃபர் (கீழ் ஒலிக்கான யூனிட்), ட்வீட்டர் (மேல் ஒலிக்கான யூனிட்), அவற்றின் டேட்டா ஷீட், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இருக்கின்றன. ஒலியை இந்த இரண்டுக்கும் பிரித்து அனுப்பும், 8 ஓம் என்று விற்கும் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு வாங்கி, கனமான பலகையில் பெட்டி அடித்தால் போதுமா?

பதில்: பெட்டியைத் தாராளமாக அடியுங்கள். அந்த போர்டை மட்டும் வாங்காதீர்கள்.

ஆம்ப்ளிஃபையர் கையில் இருப்பதால்தான் இந்த வேலையில் பணம் மிச்சமாகும். அதையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தால், ஆம்ப் உள்ளேயே வரும் சின்ன மானிட்டர் ஜோடியை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, போர்டுக்கு வருவோம். வூஃபரின் மேல் எழுதியிருக்கும் 8 ஓம் பெயருக்குத்தான். அதன் ஒத்ததிர்வு (ரெசனன்ஸ்) இடத்தில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 30, 40 ஓமுக்குக்கூட ஏறும்; 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஆறு, ஏழு ஓமுக்கு இறங்கும்; மேலே போகப் போக வாய்ஸ் காயிலின் தூண்டலால் மறுபடி ஏறும். போர்டில் உள்ள காயிலும் கெப்பாசிட்டரும் எங்கேயும் மாறாத 8 ஓமுக்குக் கணக்குப் போட்டவை. அதனால் 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், உங்கள் வூஃபரோடு சேரும்போது அது வேறெங்கோ பிரிக்கும். ட்வீட்டர் பெரும்பாலும் வூஃபரைவிட நாலைந்து டெசிபல் சத்தமாக இருக்கும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் போர்டுக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெட்டியின் முன்பலகை அகலத்தை மீட்டரில் எடுத்து, 115ஐ அதால் வகுத்துப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் பலகைக்கு 575 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு மேலே உள்ள ஒலி முன்பக்கமாகவே போகும். கீழே உள்ளது பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் பரவிவிடும். இந்த இரண்டுக்கும் இடையே 6 டெசிபல் வரை வித்தியாசம் வரும். இதை கிராஸ்ஓவரில் ஈடுகட்டாவிட்டால் பேஸ் மெலிந்து கேட்கும். நீங்கள் மிக்ஸில் பேஸை ஏற்றுவீர்கள். அதே பாட்டு காரில் கொழகொழவென்று ஒலிக்கும். ஸ்பீக்கர் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் சுவரே கொஞ்சம் உதவும், அப்போது மூன்று, நாலு டெசிபல் ஈடுகட்டினால் போதும்.

பெட்டிக்கு டேட்டா ஷீட்டிலேயே விடை இருக்கிறது. எஃப்எஸ் (வூஃபரின் ஒத்ததிர்வு), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது), விஏஎஸ் (கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக எஃப்எஸ் 45 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 22 லிட்டர் என்றால், மூடிய பெட்டிக்குச் சுமார் 9 லிட்டர் கொள்ளளவு வரும். பேஸ் 84 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறங்கியிருக்கும். அதே வூஃபரை 15 லிட்டரும், காற்று போய்வரும் போர்ட் குழாயும் உள்ள பெட்டியில் போட்டால் 45, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் வீதம் சடாரென்று விழும், மூடிய பெட்டியிலோ 12 வீதம்தான். போர்ட் குழாயின் நீளத்தில் கொஞ்சம் பிசகினாலும் கிக் டிரம் இழுவையாகக் கேட்கும். முதல் முயற்சிக்கு மூடிய பெட்டியே என் ஓட்டு. வின்ஐஎஸ்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் உங்கள் எண்களைப் போட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பலகை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் போதும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், இணைப்புகளில் காற்றுப் புகாத ஒட்டு. இன்னும் கனம் கூட்டுவதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்: 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ மானிட்டரின் சுவர் வெறும் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே அதிர்வைத் தணிக்கும் பொருள். ட்வீட்டரை வூஃபருக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ வையுங்கள். 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 14 சென்டிமீட்டர்கூட இல்லை, இடைவெளி கூடக் கூட இரண்டின் ஒலியும் சரியாகச் சேராது.

போர்டுக்கு ஒதுக்கிய பணத்தில் அளவீட்டு மைக் ஒன்று வாங்குங்கள். சாஃப்ட்வேருக்குச் செலவில்லை: அளக்க ஆர்இடபிள்யூ, கிராஸ்ஓவர் வடிவமைக்க விட்யூக்ஸ்கேட், இரண்டும் இலவசம். வூஃபரையும் ட்வீட்டரையும் பெட்டியில் பொருத்திய பிறகு, அறையின் நடுவில் ஸ்டாண்டில் ஏற்றி, ட்வீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி மைக்கை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் அளந்து முடிக்கும்வரை மைக்கையும் வால்யூமையும் தொடக்கூடாது. ட்வீட்டருக்குத் தொடராக 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள், தப்பித் தவறிக் கீழ் அதிர்வெண் சிக்னல் போனாலும் அது எரியாமல் தப்ப உதவும். தரையில் பட்டு வரும் எதிரொலி மூன்று, நாலு மில்லிசெகண்டில் மைக்கை அடைந்துவிடும் என்பதால், ஆர்இடபிள்யூவில் பதிவை அதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டினால் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அந்த அளவீட்டை நம்ப முடியாது. பேஸுக்கு மைக்கை வூஃபர் கூம்பை ஒட்டினாற்போல் வைத்து வேறாக அளந்து இணைத்துக்கொள்ளுங்கள். மின்மறுப்பையும் ஒரு ரெசிஸ்டரும் சவுண்ட் கார்டும் வைத்து ஆர்இடபிள்யூவிலேயே அளக்கலாம்.

இவற்றை விட்யூக்ஸ்கேட்டில் போட்டு, லிங்க்விட்ஸ்-ரைலி நாலாம் வரிசை வளைவை (பிரியும் இடத்துக்கு அப்பால் ஆக்டேவுக்கு 24 டெசிபல் இறங்கும் வடிவம்) இலக்காக வைத்து மதிப்புகளைத் தேடுங்கள். ட்வீட்டரின் ஒத்ததிர்வைப் போல் இரண்டு மடங்குக்குக் கீழே பிரிக்க வேண்டாம்.

கிடைத்த மதிப்புகளில் பாகங்கள் வாங்கி, உடனே பெட்டிக்குள் அடைத்துவிடாமல் வெளியே ஒரு பலகையில் கட்டி வையுங்கள். ட்வீட்டரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்து ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு யூனிட்டும் பிரியும் இடத்தில் ஒரே கட்டத்தில் (ஃபேஸ், அதாவது சேர்ந்தே முன்னும் பின்னும்) இயங்கினால், வயர் மாறியதும் அந்த இடத்தில் வரைபடம் 20 டெசிபலுக்கு மேல் குழியாக விழும். குழி ஆழமில்லாமலோ ஓரத்துக்கு நகர்ந்தோ இருந்தால் கட்டம் ஒத்துப்போகவில்லை, மதிப்புகளைத் திருத்த வேண்டும். ஆழமாக விழுந்தால் வயரைப் பழையபடி திருப்பிப் போட்டு, சால்டர் செய்து பெட்டியை மூடலாம்.