பால் பவுடர் வாங்கும் காசைத் தாய்ப்பன்றியின் தொட்டியில் போடுங்கள்

கேள்வி: எங்கள் வெள்ளை யார்க்‌ஷயர் பன்றி பத்துக் குட்டி போட்டு 16 நாள் ஆகிறது. சிமென்ட் தரைக் கொட்டில். துறுதுறுவென்று இருந்த குட்டிகள் இப்போது வெளுத்துப்போய் மூச்சு வாங்குகின்றன. நேற்று, இருந்ததிலேயே கொழுத்த குட்டி திடீரெனச் செத்துவிட்டது. தாய்க்கு ஓட்டல் மிச்சம்தான் தீவனம். குட்டிக்குப் பால் பவுடரும் தாய்க்கு இரும்பு டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார் தீவனக்கடைக்காரர். எந்தப் பவுடர் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். வெளுப்பு, மூச்சிரைப்பு, கொழுத்த குட்டியின் சாவு மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவுதான். குட்டி பிறக்கும்போது உடம்பில் இருக்கும் இரும்பு சுமார் 50 மில்லிகிராம். நாளுக்கு 7 மில்லிகிராமாவது தேவை. தாய்ப்பாலில் வருவது ஏறக்குறைய 1. வேகமாக வளரும் குட்டிக்கு இருப்பு முதலில் தீர்கிறது. மண்ணைக் கிளறித் திரிந்தால் கொஞ்சம் கிடைக்கும். சிமென்ட்டில் என்ன கிடைக்கும்? குட்டிக்கு மூன்றாம் நாளே இரும்பு ஊசி போட்டிருக்க வேண்டும். நாளைக்கே கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டி, ஒவ்வொரு குட்டிக்கும் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசியைக் கழுத்துத் தசையில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று செத்தால் புதைக்காமல் அவரிடம் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்குக் கொடுக்கும் இரும்பு டானிக் பாலில் ஏறாது. அதனால் தெம்பு கடைக்காரருக்குத்தான்.

இரும்பு ஒன்றுக்குத்தான் ஊசி. மற்றது பெரும்பாலும் குட்டிக்குத் தாய் வழியாகத்தான் போகவேண்டும். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே ‘தாய் என்ன தின்கிறது?’ என்பதுதான். பத்துக் குட்டிக்குப் பால் கொடுக்கும் பன்றிக்கு உலர் தீவனமாக நாளுக்கு ஐந்தாறு கிலோ வேண்டும். ஓட்டல் மிச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அந்தக் கணக்குக்கு இருபது கிலோவுக்கு மேல் தின்னவேண்டும். தின்றாலும் சாம்பார் சோற்றில் புரதம் ஏது? உப்புதான் உண்டு. பால் உச்சத்துக்கு ஏறுவதே மூன்றாம் வாரத்தில். அப்போது தீவனம் போதாவிட்டால் தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் தரும். முதுகைத் தடவிப் பாருங்கள், எலும்பு கையில் தட்டும். அப்படி இளைத்த பன்றி குட்டிகளைப் பிரித்த பிறகும் லேசில் பருவத்துக்கு வராது. ஆக நட்டம் இந்த ஈற்றோடு நிற்காது. மக்காச்சோளம், கடலைப்பிண்ணாக்கு, தவிடு, உப்பில்லாக் கருவாட்டுத்தூள், தாது உப்புக் கலவை வாங்கி அரைத்துப் போடுங்கள். தண்ணீர் நாள் முழுக்க இருக்கட்டும்.

குட்டித் தீவனத்தை இப்போதே தொடங்கலாம். 20 முதல் 22 சதவீதம் புரதம் உள்ளதாக, தாய் நுழையாத தடுப்புக்குள் ஒரு கை அளவு வையுங்கள். மாலையில் மிஞ்சியதைத் தாய்க்குப் போட்டுவிட்டு மறுநாள் புதிதாக வைக்கவேண்டும். சிக்குப் பிடித்ததைக் குட்டி மோந்துகூடப் பார்க்காது.

ஓட்டல் மிச்சத்தை நிறுத்த முடியாதென்றால், நன்றாகக் கொதிக்கவைக்காமல் ஒரு வாளிகூடக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று.